கவிழ்த்துப் பிடித்த கொத்து

1974ஆம் ஆண்டு, பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. அறுவடை முடிந்து அரிதாள் காய்ந்துகிடந்த வயலில் களரி போட்டிருந்தார்கள். முள்ளியவளைக்கும் தண்ணீரூற்றுக்கும் கிட்ட உள்ள எங்கள் ஊரில் அன்று காத்தவராயன் கூத்து. சாமம் தாண்டிவிட்டது. பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடிக்கிறவர்கூடக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பாயில் படுத்த பிள்ளைகளுக்கு மேல் தாய்மார் சேலைத் தலைப்பைப் போர்த்தியிருந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. நித்திரை கண்ணைச் சுழற்ற ஐயாவின் தோளில் சாய்ந்திருந்தேன்.

அப்போதுதான் கூத்தின் பகிடிக்காரன் டாப்பர் மாமா வந்தார். கிழிந்த கோட்டு, வயிற்றில் தலையணை, தலையில் வெள்ளைக்காரத் தொப்பி. கையில் அரிசி அளக்கிற தகரக் கொத்து. எதிரே பெண் வேடம் போட்ட ஒருவர் பன்பையை விரித்துப் பிடித்தபடி நின்றார். மாமா கொத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடித்தகட்டின் வெளிப்பக்கத்தில், விளிம்புக்குள் விரல்நகம் அளவுக்குப் பள்ளம் இருக்குமே, அதில் அரிசியைக் கொட்டினார். ஒரு தடியை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மிகவும் கவனமாகத் தலைதட்டினார். ஒரு மணிகூடக் கூடிவிடக் கூடாது என்பதுபோல் இரண்டாம் தரமும் தட்டினார். பிறகு பையில் கொட்டிவிட்டு, "அரசாங்கத்தின்ரை அளவு பிசகாது பிள்ளை" என்றார்.

ஒரு மூச்சு விடும் நேரத்துக்குக் களரி அசையவில்லை. பிறகு வெடித்துச் சிரித்தது. முன்வரிசைக் கதிரையில் எங்கள் பக்கத்துச் சங்கக்கடை மனேச்சர் இருந்தார். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற எல்லாருக்கும் அந்தக் கொத்து எதைச் சொல்கிறது என்று தெரியும். நாடு முழுவதும் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. மனேச்சரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "உவன் நாளைக்குக் கூப்பன் எடுக்கப் போகவேணுமெல்லோ" என்று வாய்க்குள் சொன்னார்.

மறுநாள் டாப்பர் ஆடியவர் கடைக்குப் போனார். அவருக்கும் அரிசி அளந்தார்கள். மனேச்சர் முகம் கொடுக்கவில்லை, கொடுக்கவேண்டிய அரிசியைக் கொடுத்தார். ஏன் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. பத்து வருடம் கழித்து, அதே கோட்டைப் போட்டுக்கொண்டு நானே களரியில் இறங்கியபோது விளங்கியது. அவர் ஆடியது நேர்த்திக் கூத்து. அம்மனுக்கு வைத்த நேர்த்திக்காக ஆடுகிறவனைத் தண்டித்தால் அம்மனிடம் பதில் சொல்லவேண்டும் என்று ஊர் நம்பியது. அந்த இரவுக்குக் களரி அம்மனுடையது. விதானையாருக்கோ, மனேச்சருக்கோ, கோயில் தர்மகர்த்தாவுக்கோ அதற்குள் அதிகாரம் இல்லை.

எங்கள் வன்னியில் அதிகாரத்தைச் சிரிப்பதற்கு இப்படி ஓர் இடம் நெடுங்காலமாக இருந்தது. அது எப்படி வந்தது, எப்படிக் குறைந்தது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதிவைக்க நினைக்கிறேன். வெளியார் எழுதிய வன்னி வரலாற்றில் காடும் குளமும் காய்ச்சலும் போரும் இருக்கின்றன. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கைநூலே எழுதினார். 1803இல் வன்னித் தலைவன் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததையும், அதே வருடம் அவனைத் தோற்கடித்ததாகச் சொல்லி வெள்ளைக்காரன் கற்சிலைமடுவில் கல் நட்டதையும் எல்லாரும் எழுதுகிறார்கள். இந்த மக்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதினவர்கள் குறைவு.

வற்றாப்பளையில் இருந்து தொடங்குகிறேன். நந்திக்கடல் ஓரத்தில் உள்ள கண்ணகி அம்மன் கோயில் அது. வைகாசியில் பொங்கல். அதற்கு ஒரு கிழமை முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். அந்த விளக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தெய்வம் யார் என்று யோசித்துப் பாருங்கள். அரசனின் சபைக்கு ஒற்றைச் சிலம்போடு போய், நீ கொடுத்தது நீதி இல்லை என்று நிரூபித்த ஒரு பெண். பாண்டியனின் செங்கோல், மந்திரிமார், காவலாளர் எல்லாரும் அவளுக்கு முன்னால் வாயடைத்து நின்றார்கள். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து, முல்லைமோடி என்று தனிப் பெயர் பெற்ற ஆட்டம், இந்தக் கதையைத்தான் ஆடுகிறது. கட்டியகாரன் வந்து அரசனின் பெருமையை நீட்டி முழக்குவான். விடியும்போது அதே அரசன் தலை கவிழ்ந்து நிற்பான். பெருமை பேசியதும் அது பொய்த்ததும் ஒரே இரவில், ஒரே களரியில் நடக்கும்.

வற்றாப்பளையைப் பற்றி இன்னொரு பாட்டுக் கதையும் உண்டு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் அம்மனைப் பரிகசித்தானாம். கோயில் பன்னிச்சை மரம் தானாகவே ஆடித் தன் காய்களால் அவனை எறிந்ததாம். பன்னிச்சையாடிய பாடற்சிந்து என்று அதைப் பாடுவார்கள். என் அம்மம்மா இதைச் சொல்லும்போது துரை தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவதை எழுந்து நின்று நடித்துக் காட்டுவா. சட்டமும் துவக்கும் அவன் கையில். எங்கள் ஆட்களிடம் இருந்தது காயும் பாட்டும் மட்டுமே. அந்தப் பாட்டுக்கு அம்மன் பொறுப்பு நின்றா.

காத்தவராயன் கதைக்கு வருகிறேன். அதில் உள்ள சிரிப்பு இன்னும் ஆழமானது, வலிக்கிறது. காத்தான் முத்துமாரியின் பிள்ளை. ஆனாலும் பிறப்பால் கீழானவன் என்று தள்ளிவைக்கப்பட்டவன். ஆரியப்பூராசனின் வீட்டில் பிராமணப் பெண்ணாக வளர்கிற ஆரியமாலையை விரும்புகிறான். வேடம் மாற்றி மாற்றி அவளிடம் போகிறான். வளையல் விற்கிறவனாகப் போனால் அதே அரண்மனைக் கதவு திறக்கிறது. காத்தானாகப் போனால் மூடிக்கொள்கிறது. ஆள் மாறவில்லை, உடுப்புத்தான் மாறியது. ஆசாரம் பேசுகிற வீடு உடுப்புக்குக் கும்பிடு போடுகிறது என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கதவு திறக்கிறபோது களரி சிரிக்கும். கடைசியில் அவனுக்குக் கழுமரம் விதிக்கிறார்கள். கழுவேறுகிற காத்தானை ஆடுகிறவர் அன்று விரதம். உடுக்கு மாறும், சிந்து மெதுவாகும், அவன் ஒவ்வொரு படியாக ஏறும்போது சபையில் பெண்கள் விம்மி அழுவார்கள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லாவிட்டால் நான் இதை எழுதுவதில் பயன் இல்லை. காத்தானுக்காக அழுத எங்கள் ஊர், விடிந்த பிறகு, கூத்துக்குக் கழுமரம் வெட்டிக் கொண்டுவந்து நட்ட மனிதருக்குச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்தது. நான் கண்ணால் கண்டேன். அவர் கிடுகு வேலிக்கு வெளியே குந்தியிருந்து குடித்தார். சாதி காரணமாகக் கோயிலிலும் கடையிலும் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து பதினேழு வருடத்துக்குப் பிறகும் சிரட்டை இருந்தது. கூத்து அந்தப் பொய்யைக் காட்டிக்கொண்டே இருந்தது. பார்த்தவர்கள் அழுதுவிட்டு, அழுததே போதும் என்று வீட்டுக்குப் போனார்கள்.

இதை யாழ்ப்பாணத்தில் சிலர் உடைத்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகக் கேட்டு நின்றார்கள், தடுக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தின் சூட்டில் என். கே. ரகுநாதன் 'கந்தன் கருணை' என்ற நாடகத்தை எழுதினார். அம்பலத்தாடிகள் என்ற நாடகக் குழு அதைக் காத்தவராயன் பாணியில், அந்தச் சிந்துநடையில் களரிக்குக் கொண்டுவந்தது. தாசீசியஸ் அதன் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர். நூற்றாண்டுகளாகக் காத்தானுக்காக அழுத காதுக்கு, அதே மெட்டில், பூட்டிய கோயில் கதவைப் பாடிக் காட்டினார்கள். மெட்டுப் பழசாக இருந்தபடியால் யாரும் காதைப் பொத்த முடியவில்லை. எங்களுக்குக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அந்தச் செய்தியைக் கேள்விப்பட்டு ஒரு முழு நாளும் பேசாமல் இருந்தார். பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, "மோனை, நாங்கள் மெட்டை வச்சிருந்தோம், அவங்கள் அதை வேலைக்கு விட்டிட்டாங்கள்" என்றார். அந்த வருடக் கூத்தில் கழுமரம் நட்டவரைக் களரிக்குள் கூட்டிவந்து, எல்லாருக்கும் முன்னால் தன் கையால் செம்பில் தண்ணீர் கொடுத்தார். இரண்டு குடும்பங்கள் எழுந்து போயின. அண்ணாவியார் மத்தளத்தை அடிக்கச் சொன்னார்.

அவரிடம்தான் நான் டாப்பர் மாமாவைப் பழகினேன். மற்றப் பாத்திரங்களுக்கெல்லாம் கொப்பியில் பாட்டு இருந்தது. எங்கள் ஊரில் டாப்பருக்கு ஒரு பக்கந்தான். மிச்சத்தை ஆடுகிறவன் ஊருக்குள் நடந்து தேடவேண்டும். முதல் வருடம் நான் தடுக்கிப் பேசுகிற ஒரு கடைக்காரரைப் போலப் பேசிக் காட்டினேன். சபை சிரித்தது. அண்ணாவியார் சிரிக்கவில்லை. வெள்ளுடுப்பு ஒத்திகையன்று, எல்லாருக்கும் முன்னால் நிறுத்திச் சொன்னார்: "ஆளைப் பார்த்துச் சிரிக்காதை. ஆளின்ரை கையிலை இருக்கிற கொத்தைப் பார்த்துச் சிரி." கடவுள் கொடுத்த நாக்கை அந்தக் கடைக்காரர் மாற்ற முடியாது, கொத்தை நேராகப் பிடிக்க அவரால் முடியும் என்றார். அதற்குமேல் எனக்கு யாரும் எதுவும் கற்பிக்கவில்லை, கற்பிக்கத் தேவையும் இருக்கவில்லை.

எழுபதுகளில் வன்னி மாறிக்கொண்டிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏறியது. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர்கள் காணி எடுத்து வந்து குடியேறினார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த மக்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களில் குடில் போட்டார்கள். தங்களுடைய காமன் கூத்தையும் தப்பையும் கொண்டுவந்தார்கள். இவர்களோடு கடதாசியும் வந்தது. முடிவெட்டுகிற கடையில் 'சிரித்திரன்' கிடக்கும். கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம் அறுபதுகளில் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து, தானே வரைந்து நடத்திய சஞ்சிகை. சுந்தர் என்று கையெழுத்துப் போடுவார். சவாரித் தம்பரும் மைனர் மச்சானும் மிசிஸ் டாமோடிரனும் எங்களுக்குச் சொந்தக்காரர் போல் ஆகிவிட்டார்கள். வெளியே பெருமை, உள்ளே வேறொன்று என்று வாழ்கிற எங்கள் நடுத்தர வர்க்கத்தை அவர் கோட்டில் பிடித்தார். நான் பக்கங்களைக் கிழித்துக் கொண்டுபோய் அண்ணாவியாருக்குக் காட்டுவேன். "இவர் கடதாசியிலை களரி போடுறார்" என்பார். சுந்தர் 1996இல் காலமானார்.

பிறகு யுத்தம். அந்த வருடங்களில் எங்களை ஆண்டவர்கள் மாறி மாறி வந்தார்கள். யாருக்கும் சிரிப்புப் பிடிக்கவில்லை. மக்களுக்காக என்று எல்லாரும் சொன்னார்கள். மக்கள் சிரித்தால் மட்டும் முகம் கறுத்தது. ஒருமுறை கூத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணை, இந்த முறை டாப்பர் மாமாவை விடுங்கோ" என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. அந்த இரவு கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். களரி அம்மனுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அந்த முறை ஒன்று நடந்தது. டாப்பர் வருகிற நேரத்தில் டாப்பர் வரவில்லை. சனம் கொஞ்ச நேரம் பார்த்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. கழுமரக் காட்சிக்குப் பாதிக் களரி வெறிச்சோடியிருந்தது. டாப்பர் மாமா நித்திரை கலைக்கிற பகிடிக்காரன் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தோம். கூத்தை நம்பிச் சனம் விடியும்வரை இருந்ததே அவரால்தான். இன்றைய கொத்தைப் பற்றி உண்மை பேசாத களரி, அந்தக் காலத்துக் கழுமரத்தைப் பற்றிப் பேசுவதைச் சனம் நம்பவில்லை.

2009இல் எல்லாம் போயிற்று. புதுக்குடியிருப்பில் இருந்து முள்ளிவாய்க்காலுக்குப் போகிற வழியில் பெட்டியை விட்டேன். கோட்டும் கொப்பியும் அதற்குள். வற்றாப்பளை அம்மனின் நந்திக்கடலைக் கடந்துதான் வெளியே வந்தோம். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். இரவில் கூடாரத்துக்குள் படுத்தபடி கொப்பியின் பாட்டுகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடதாசியில் எழுதினேன். டாப்பரின் ஒரு பக்கத்தையும் எழுதினேன்.

மெனிக் பாமில் இருந்து நாங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், தெற்கில் ஒரு சிங்களவர் காணாமற்போனார். பிரகீத் எக்னெலிகொட. எழுதுகிறவர், கேலிச்சித்திரம் வரைகிறவர். 2010 சனவரி 24ஆம் திகதி, சனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வீடு திரும்பவில்லை. வன்னியின் இறுதிப் போரில் இரசாயன ஆயுதம் பாவிக்கப்பட்டதா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார் என அவருடைய மனைவி சந்தியா தொடர்ந்து சொல்லிவருகிறார். எங்கள் மண்ணில் எங்கள் உடம்பில் விழுந்தது என்ன என்று கேட்ட ஒரு மனிதர், எங்களை ஒருநாளும் பாராதவர், எங்களுக்காகப் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியவரும்போது வருடங்கள் ஆகிவிட்டன. அதை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. அவர் வரைந்த கடதாசிக்குப் பொறுப்பு நிற்க அம்மனும் இல்லை, ஊரும் இல்லை. தனியே வரைந்தார்.

சந்தியா அக்கா நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கினார். 2016இல், அந்த வழக்கு நடந்த ஹோமாகம நீதிமன்றத்துக்குள் ஞானசார தேரர் என்ற பௌத்த துறவி புகுந்து குழப்பம் செய்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக 2018இல் அவருக்கு 6 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2019 மே மாதம் சனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார். அகிம்சையைப் போதிக்கிற காவி உடை, கணவனைத் தேடுகிற பெண்ணை மிரட்டியது. சட்டம் தண்டித்தது, சட்டத்தின் தலைவர் மன்னித்தார். கொத்து நேராகவும் பிடிக்கப்பட்டது, கவிழ்த்தும் பிடிக்கப்பட்டது. 2022 சனவரியில் சந்தியா கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலுக்குப் போய்த் தலையை மழித்து நீதி கேட்டார். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வற்றாப்பளை ஞாபகம்தான் வந்தது. கண்ணகி அவிழ்த்த கூந்தலோடு போனா. இவர் கூந்தலையே கழற்றி வைத்துவிட்டுப் போனார். சிங்களவர்கள் கண்ணகியைப் பத்தினி தெய்யோ என்கிறார்கள். பெயர் வேறு, சிலம்பு ஒன்று.

எங்கள் பக்கத்துத் தாய்மாரும் சந்நிதியைத்தான் தேடிப்போனார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. அதற்கு முன்னரே 2010இல் ஓர் ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்து கேட்டுப் போனது. பிறகு இன்னொன்று வந்தது. பிறகு காணாமற்போனோருக்கான அலுவலகம் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே படம், அதே திகதி, அதே கடைசி வார்த்தை.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊரில் மீண்டும் காத்தவராயன் ஆடினோம். எனக்கு முழங்கால் முடியாது. டாப்பர் மாமாவை ஒரு பொடியனுக்குக் கொடுத்தேன். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை. சாமத்தில் வந்தான். பெரிய இடாப்பு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான். ஒரு தாய் வேடம் வந்து பிள்ளையின் பெயரைச் சொன்னது. எழுதினான். எழும்பிக் கோட்டைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடியும் இருந்தான். "பிள்ளையின்ரை பேர் என்ன?" என்றான். அவள் சொன்னாள். எழுதினான். மூன்றாம் தரம் தொப்பியை மாற்றினான். "பேர் என்ன?" இடாப்பைச் சபைக்குத் திருப்பிப் பிடித்தான். பக்கங்கள் எல்லாம் வெறுமை.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது. பொடியன் எல்லை தாண்டிவிட்டான், இங்கே எத்தனை தாய்மார் இருக்கிறார்கள் என்று பதறினேன். அப்போது இரண்டாம் வரிசையில் ஒரு மனிசி சிரித்தா. பந்தலில் ஆயிரம் நாளுக்கு மேல் இருந்தவ. அழுகை மாதிரித் தொடங்கிச் சிரிப்பாகவே முடிந்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கழுமரக் காட்சிவரை ஒருவரும் எழும்பவில்லை.

காலையில் அவ களரிப் பக்கம் வந்தா. பொடியனைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டா. "தம்பி, என்னைப் பார்த்து நீ சிரிக்கேல்லை. அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சிரிச்சனி. எனக்கு விளங்கினது" என்றா.

அண்ணாவியாரின் வார்த்தையை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல நினைத்தபடியே இருந்தேன். தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். அன்று பின்னேரம் தண்ணீரூற்றுச் சந்திக்குப் போய், பழைய சாமான் கடையில் ஒரு தகரக் கொத்து வாங்கினேன். அடித்தகட்டில் விரல்நகம் அளவுக்குப் பள்ளம் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தேன். இருந்தது. அவனிடம் கொடுத்துவிட்டேன்.